கீழே இருப்பவள்

விசிலக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குளத்தில் குதித்து ஒரு படத்தைக் காப்பாற்றினாள்.

அப்போது அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்து நீச்சல் போட்டிகளில் கோப்பை வாங்கியவள், கல்யாணமாகிச் சில மாதங்கள் வீட்டில் சும்மா இருந்து பார்த்து அலுத்துப்போய், நகராட்சி நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலைக்கு வந்திருந்தாள். கூரை போட்ட பெரிய குளம். ஆழமான பக்கத்தில், தரையில், கறுப்பு டைல்ஸால் ஒரு பெண் உருவம் பதித்திருந்தார்கள். ஆளளவு உருவம். ஒரு கை முன்னால் நீண்டிருக்கும், ஒரு கால் மடங்கியிருக்கும், முடி பின்னால் அலைபாய்ந்திருக்கும். பொழுதுபோக்க வருகிறவர்களுக்கு வெறும் தரை சலித்துப் போகும், குளத்துக்கென்று ஒரு முகம் வேண்டும் என்று அதைக் கட்டியவர் ஆசைப்பட்டுப் போட்டது. ஊருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. டிக்கெட்டில் அவள், வாசல் பலகையில் அவள், நகராட்சி அச்சடிக்கிற காலண்டரில் அவள். குளத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் அவளை ‘கீழ இருக்கிறவ’ என்பார்கள்.

புதிதாக வருகிற ஆளை முதல் நாள் உயரமான நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, படத்தைப் பற்றி மூச்சுவிடாமல், மற்றவர்கள் ஷவர் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அங்கே வழக்கம். தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும். அடியில் ஒரு கறுத்த உடம்பு கையை நீட்டிக்கொண்டு கிடக்கும். அவளும் அலறிக்கொண்டு குதித்தாள். போட்டிருந்த சட்டையோடு தரைவரை முங்கி அந்தத் தோளைப் பிடிக்கப் போனால் கையில் தட்டுப்பட்டது வழுவழுவென்று டைல்ஸ். மேலே வந்தபோது எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிட்ட அப்போதைய தலைமை நீச்சல் காவலர், துண்டும் டீயும் கொடுத்துத் தேற்றினார். “இங்க இருக்கிற எல்லாரும் ஒரு தரம் குதிச்சவங்கதான்மா. இனிமே கண்ணு பழகிடும்” என்றார்.

கண் பழகிவிட்டது. அதுதான் கெட்ட காலம்.

ஆண்டுகள் போயின. மாஸ்டர் ஓய்வு பெற்றார். அவள் விசில் ஊதினால் தெருமுனையில் போகிற சைக்கிள்காரன் கூட பிரேக் பிடிப்பான் என்று பெயரெடுத்து, விசிலக்காவாகி, தலைமைக் காவலராகவும் ஆகிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். “நானும் ஆளுங்களை மேல ஏத்துறேன், நீயும் ஆளுங்களை மேல ஏத்துற. நமக்குள்ள என்ன வித்தியாசம்?” என்பார். அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் ஓடி யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷருக்குக் காது கேட்காது.

புதியவர்களைக் குதிக்க வைக்கிற விளையாட்டையும் அவள் விடவில்லை. ஒல்லி என்று எல்லாரும் கூப்பிட்ட பையன் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவனை நாற்காலியில் ஏற்றியவளே அவள்தான். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு அவன் படத்தைத் தூக்கப் போன அழகைப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவளும் அவள்தான். அந்தச் சிரிப்பை இன்றுவரை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நடந்தது ஒரு விடுமுறை நாள் பிற்பகலில். குளத்தில் ஈ புக இடமில்லை. தையல்கடைக்காரம்மாவின் ஒரே மகள், பதினோரு வயது, அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த கருநீல நீச்சலுடையில் வந்திருந்தாள். விசிலக்கா ஆழம் குறைந்த பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆழமான பக்கத்து நாற்காலியில் ஒல்லி இருந்தான். அந்தப் பெண் எப்போது அடியில் போனாள் என்று யாருக்கும் தெரியாது. முங்கு நீச்சல் போட்ட ஒருவருடைய கால் அவள்மேல் பட்டு, அவர் மேலே வந்து கத்தினார். விசிலக்காதான் முங்கித் தூக்கினாள். படத்தின்மேல் படம் போலவே, கையை நீட்டிக்கொண்டு, குப்புறக் கிடந்தாள் அந்தக் குழந்தை. தூக்கி வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பயனில்லை.

அன்று மோட்டார் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒல்லி வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னான்: “நான் பாத்தேன்க்கா. வேற எங்கயும் பாக்கலை, அங்கதான் பாத்துக்கிட்டிருந்தேன். கீழ இருக்கிறவதான்னு நினைச்சுட்டேன்.”

விசாரணையில் விசிலக்கா இதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் தண்ணீர் கலங்கல், கூட்டம் அதிகம், காவலர் கவனக்குறைவு என்று முடித்தார்கள். ஊரே கொண்டாடுகிற படத்தின்மேல் பழிபோட யாருக்கு மனம் வரும்? பழி, வாயில்லாத பையன் தலையில் விடிந்தது. அவன் போன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒருவர் கிளப்பிவிட, கண்ணால் கண்டதாகச் சொல்லப் பத்துப் பேர் கிளம்பினார்கள். அவனுடைய போன் அன்றைக்கு லாக்கருக்குள் பூட்டிக் கிடந்தது. வேலையும் போய், வெளியே தலைகாட்டவும் முடியாமல், கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மாவு மில்லில் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

குளத்தைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்தார்கள். கூட்டமும் பழையபடி வந்தது. விசிலக்காவுக்குத்தான் எதுவும் பழையபடி ஆகவில்லை.

ஆழமான பக்கத்து நாற்காலியில் இனி அவள்தான் உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தாள். முடி தெரிகிறதா, கை தெரிகிறதா, குதிகால் தெரிகிறதா? மூன்றும் டைல்ஸாகத் தெரிந்தால் படத்தின்மேல் யாரும் இல்லை. திரும்பவும் முடி, கை, குதிகால். ஓர் அலை வந்து குதிகாலை மறைத்துவிட்டால் போதும், விசிலக்கா குதித்துவிடுவாள். முங்கிப்போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மேலே வருவாள். வாடிக்கையாக வருகிறவர்கள் பழகிக்கொண்டார்கள். அக்கா தன் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று கிண்டல் செய்தார்கள்.

பகல் எப்படியோ ஓடிவிடும். எல்லாரும் கரையேறின பிறகு வருகிற நேரம்தான் அவளை ஆட்டிவைத்தது. கடைசி ஆள் ஏறிப் போனதும் தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கும். அதுவரை துண்டு துண்டாக நெளிந்துகொண்டிருந்த கீழே இருப்பவள் அப்போது ஒன்று சேருவாள். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கை. எல்லாம் சேர்ந்து முழு ஆளாகிவிட்டால், அவள் இப்போதுதான் அங்கே வந்து படுத்த மாதிரி இருக்கும். விளக்கை அணைக்கப் போகிறவள் பாதி வழியில் திரும்பிப் பார்ப்பாள். இன்னொரு தரம் பார்ப்பாள். சில நாள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். இல்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஈர உடையோடு இன்னொரு தரம் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் அதில் ஒரு கை தெரிந்தது. துவைத்துப் போட்ட போர்வை கட்டிலில் சுருண்டு கிடந்தால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். வீட்டுக்காரர் இதற்கும் ஒரு பழமொழி வைத்திருந்தார். “கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சும்மாவா சொன்னாங்க? கல்லுல செஞ்ச நாயிடி அது. கல்லுன்னு பாத்தவனுக்கு நாய் தெரியாது” என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அவளுக்கு அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

குழாய்களெல்லாம் துருப்பிடித்துப்போய்க் குளத்தையே புதுப்பிக்க வேண்டிய நிலை வந்தபோது, டிசைனர் பெண் ஒருத்தி வந்தாள். விளையாட்டு மைதானம், பூங்கா, நீச்சல் குளம் என்று ஜனங்கள் பொழுதுபோக்கப் போகிற இடங்களை வடிவமைப்பதே அவள் வேலை. வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு காவலர் நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு குளத்தில் இறங்கித் தண்ணீரிலிருந்து நாற்காலியைப் பார்த்தாள். விசிலக்காவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

இருவரும் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டிருப்பதால் பிற்பகலில் தண்ணீர் முழுக்கக் கண்ணாடியாகப் பளபளக்கும், நாற்காலியைத் தெற்குச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்றாள் டிசைனர். குதிக்கும் பலகையைத் தாங்குகிற தூண் ஒரு மூலையை மறைக்கிறது. படிகளின் விளிம்பு வேறு நிறத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆழம் தொடங்குகிற இடம் தெரியாது. விளையாட வருகிறவர்கள் ஆபத்தை நினைத்துக்கொண்டு வரமாட்டார்கள், வரவும் கூடாது, அவர்களுக்கும் சேர்த்து நினைத்துக் கட்டுவதுதான் கட்டுகிறவர்களின் வேலை என்றாள். ஆழமான பக்கம் வந்ததும் நின்று வெகுநேரம் கீழே பார்த்தாள்.

“எங்க தொழில்ல முதல் பாடமே இதுதான்க்கா. தரை வெளுத்த நிறமா இருக்கணும். நேர்க்கோடு வேணா போடலாம், ஆள் உருவம் போடவே கூடாது” என்றாள்.

இத்தனை வருஷமாக விசிலக்கா சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போன விஷயம். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனால் நகராட்சித் தலைவர் லேசுப்பட்டவரா? டிசைனர் கொடுத்த வரைபடத்தில் தரையில் படம் இல்லை என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. அந்தப் படம் ஊரின் சொத்து. அதைவிட முக்கியம், குழந்தையைப் பறிகொடுத்த தாயே அது இருக்க வேண்டும் என்கிறாள். பக்கத்தில் குழந்தையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு கூட வைக்கப் போகிறோம். அந்த அம்மா வேண்டாம் என்று தன் வாயால் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எடுத்துவிடுகிறேன் என்றார். துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் முந்தானைக்குப் பின்னால் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொண்டார் பாருங்கள்.

ஆக, தையல்கடைக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் படம் போகும். சொல்லாவிட்டால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும். இன்னொரு ஒல்லி நாற்காலியில் உட்காருவான், அவன் கண்ணும் பழகிவிடும். அவளைச் சொல்லவைக்க வேண்டுமென்றால் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தது, காவலுக்கு இருந்தவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் போய், உன் மகள் தெரிந்தாள், ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் தரம் போனபோது விசிலக்காவுக்கு நாக்கு எழவில்லை. வந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வீட்டுக்காரருடைய பேன்ட்டை ஓரம் மடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். நன்றாக இருந்த பேன்ட் அது. கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய், அவர் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு, வெள்ளம் வந்தால் நனையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் தரம் சொல்லிவிட்டாள். கடை ஒற்றை அறைதான். தையல் மெஷின், வெட்டும் மேசை, சுவர் நெடுக மாட்டிய திரைச்சீலைகள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். வெளிச்சம் குறைந்த அந்த அறையில் ஒரே குத்தில் கோத்தாள். அவ்வளவு தீட்சண்யமான கண்.

“அந்தப் படத்தை ஏன் எடுக்கணும்ங்கிறீங்க? என் பொண்ணு கடைசியா இருந்தது அவ கூடத்தான். தனியா இல்லைன்னு ஒரு நினைப்பு எனக்கு. அதையும் பேத்து எடுத்துட்டா நான் எங்க போய் உட்காருவேன்?” என்றாள். அவள் வாரம் ஒருநாள் குளத்துக்கு வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவது விசிலக்காவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே அந்த வருஷங்களை ஓட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் விசிலக்கா ஒல்லி சொன்னதைச் சொன்னாள். தையல்காரம்மா ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தாள்.

“பொய். ஒரு பிள்ளை கிடக்கிறதைப் பாத்தா பிள்ளைன்னு தெரியாதா? மாட்டுக்குக் கூட அதோட கன்னை அடையாளம் தெரியும். அவன் பாக்கலை. போனைப் பாத்தான். அவன் கண்ணு அவிஞ்சு போகணும். நான் விடிஞ்சு எழுந்ததும் சொல்ற முதல் வார்த்தையே அதுதான். நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கீங்க.”

விசிலக்காவுக்குக் கோபம் வரவில்லை. வர நியாயமும் இல்லை. நாளைக்குப் பிற்பகல் குளத்துக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குளத்தில் நாலைந்து பேர் நீந்திக்கொண்டிருப்பார்கள், நானும் அவர்களோடு இருப்பேன். ஏதோ ஒரு சமயம் நான் அடியில் போய்ப் படுப்பேன். நான் படுத்தது உங்கள் கண்ணில் பட்டதும் விசில் ஊதுங்கள். ஊதிவிட்டால் நான் சொன்னது பொய், படம் இருக்கட்டும், இனி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன்.

“என் கண்ணுக்குத் தப்பாது” என்றாள் தையல்காரம்மா.

கருநீல உடையைப் பற்றி விசிலக்கா பேசவில்லை. தாய் தைத்த துணியின் நிறமும் அன்றைக்குச் சதி செய்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லப் போவதுமில்லை.

டிசைனர் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை. ஒரு தாயை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்றாள். பாவம்தான் என்றாள் விசிலக்கா. இருந்தாலும் டிசைனர் வந்தாள். விபரீதம் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, நீந்துகிற காவலர்களில் ஒருவனைப் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னாள். மற்றவர்கள் கையைக் காலை அடித்துத் தண்ணீரை விடுமுறை நாள் போல ஆக்கினார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து குளத்தில் விழுந்தது. தையல்காரம்மா ஏணிப்படியில் தடுமாறாமல் ஏறி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, விசிலைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

விசிலக்கா இரண்டு தரம் குளத்தின் நீளத்துக்கு நீந்தினாள். தையல்காரம்மாவின் தலை அவள் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. மூன்றாம் தரம், நீந்துகிறவர்களில் இரண்டு பேர் குறுக்கே வந்த நேரம் பார்த்து, மூச்சை முழுக்க வெளியே விட்டாள். மூச்சு உள்ளே இருந்தால் உடம்பு தரையில் தங்காது. மெல்ல இறங்கிப்போய்ப் படத்தின்மேல் படம் போலப் படுத்தாள். கையை அந்தக் கையின்மேல் நீட்டினாள். காலை அந்தக் காலின்மேல் மடக்கினாள். இத்தனை வருஷம் அவளைத் தடவிப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் இப்படி அவளோடு படுத்ததில்லை. டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. காதுக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

விசில் வரவில்லை.

நெஞ்சு காற்றுக்குத் துடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்தாள். ஊதம்மா, நான் ஜெயிக்க வேண்டாம், ஊதிவிடு என்று அவள் மனசு கெஞ்சியது. கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். ஒரு கணம் அலை விலகியது. நாற்காலி தெரிந்தது. அதில் உட்கார்ந்திருந்தவளின் முகம், கண் முதற்கொண்டு, தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கண் நேராக இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயும் விலகவில்லை. பார்க்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று இவளுக்கே ஒரு நம்பிக்கை வந்தது. அப்படியே இருந்தாள். யாரும் வரவில்லை. தலை கிறுகிறுத்தபோதுதான் தரையை உதைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து இருமுவதைக் கேட்டு நாற்காலியிலிருந்தவள் திடுக்கிட்டாள். விசில் அவள் மடியில் விழுந்தது.

“நீங்க இன்னும் கீழ போகலைன்னு நினைச்சேன்” என்றாள். “அங்கயேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வரப்போறீங்க, வரப்போறீங்கன்னு அவளையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

தையல்காரம்மா முதலில் தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு அழுதாள். சத்தமில்லாத அழுகை இல்லை அது. கூரையில் மோதித் திரும்பி வருகிற அழுகை. இத்தனை வருஷமும் ஒருவனைத் திட்டித் திட்டி அடைத்து வைத்திருந்தது எல்லாம் உடைந்து வந்தது. விசிலக்கா ஏணியடியில் ஈரம் சொட்ட நின்று அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகை அடங்கி இறங்கி வந்ததும் தையல்காரம்மா டிசைனரைப் பார்த்து, “எடுத்துருங்கம்மா. தகடும் வேண்டாம். தலைவர்கிட்ட நானே சொல்றேன்” என்றாள். பிறகு விசிலக்காவிடம், “அந்தப் பையன் எங்க இருக்கான்?” என்று கேட்டாள்.

மில் மூடுவதற்கு இன்னும் நேரமிருந்தது. தலை துவட்டக்கூட நிற்காமல், ஈர உடைமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு விசிலக்கா அவளை அழைத்துப் போனாள்.

ஒல்லி இப்போது ஒல்லியில்லை. மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றுவிட்டிருந்தது. புருவமெல்லாம் மாவு. வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும், தோளிலிருந்த மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டான். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, ஓடவும் இல்லை.

தையல்காரம்மா கிட்டத்தில் போனாள்.

“அந்த நாற்காலியில இன்னைக்கு நான் உட்கார்ந்தேன்ப்பா. இவங்க கீழ போய்ப் படுத்தாங்க. நானும் பாத்தேன். எனக்கும் தெரியலை” என்றாள்.

மூட்டை சரிந்து தரையில் விழுந்து மாவு புகைந்தது. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். தையல்காரம்மா அவன் கண்ணில் படிந்த மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்தில் திரும்பத் திரும்ப ஈரமாகிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் விசிலக்காவின் ஈரத் தலையைப் பார்த்தான். எதையோ கேட்கப் பயந்து, கேட்காமலும் இருக்க முடியாமல் தவிக்கிற முகம். இத்தனை வருஷம் அவன் தனியாக எதைக் கட்டிக்கொண்டு அழுதான் என்பது அவன் வாயைத் திறந்ததும்தான் அவளுக்குப் புரிந்தது.

“அக்கா, கீழ இருந்தப்போ மேல பாத்தீங்களா? நாற்காலி தெரிஞ்சுதா? நாம பாக்கிறது அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?”

தையல்காரம்மாவும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் அந்தப் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வெறும் வெளிச்சம்தான்ப்பா” என்றாள் விசிலக்கா. “ஒரே பளபளன்னு இருந்துச்சு. நாற்காலியும் தெரியலை, ஆளும் தெரியலை. அங்கேருந்து பாத்தா யாருக்கும் எதுவும் தெரியாது.”

இருவரும் நம்பினார்கள். விசிலக்கா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்றைக்கு நன்றாகச் சொன்னாள்.